அக்கா பேரு

குழந்தை பிறந்து மூன்று வாரமாகியும் பெயர் வைத்தபாடில்லை. பெயருக்கா பஞ்சம்? பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பதிவு அலுவலகத்தில் பெயரோடு பிறப்பைப் பதிய மறுநாளோடு கெடு முடிகிறது. அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. துணி மடிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள், எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் அணைத்தாள்.

எல்லாம் கணவனால் வந்த வினை. ஃபிரிட்ஜ் மெக்கானிக், அதிகம் பேசாத மனுஷன். குழந்தை பிறந்த அன்று, "அக்கா பேரையே வச்சிரலாம்" என்றான். அவ்வளவுதான், அதற்கப்புறம் யார் என்ன கத்தினாலும் வாயைத் திறக்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அந்த அக்கா. இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் பிறந்த காலத்திலேயே அது வழக்கொழிந்த பெயர். இப்போது யாருக்குமே இல்லை.

"பொறக்கும்போதே புள்ளைக்கு அறுபது வயசு ஆக்கணுமாம்மா?" என்று அவளுடைய அப்பா சிரித்தார்.

"ஸ்கூல்ல ஓட்டியே கொன்னுடுவாங்கக்கா" என்றாள் தங்கை. "சின்னதா, அழகா ஒண்ணு வையேன்." தங்கை சொன்ன அழகான பெயரில் அந்தத் தெருவிலேயே நாலு பிள்ளைகள் இருந்தார்கள்.

அவள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் மருந்துக்கடைக்காரர் மட்டும், "அருமையான பேரும்மா, தைரியமா வை" என்றார். அவர் பேத்திக்கு என்ன பெயர் என்று கேட்டதும் அவசரமாக மணி பார்த்தார்.

மற்றவர்களுக்கு இது வெறும் அபிப்பிராயம். அவளுக்கு அது தொழில். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்களுக்கு டோக்கன் எண் ஓடும் பலகை தெரியாது. அதனால் அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அந்த வேலை அவளுடையது. ஒரு பெயர் கூட்டத்தில் போய் விழுந்ததும் என்ன ஆகிறது என்று அவளை விட யாருக்குத் தெரியும்? பழைய பெயராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள்கூடச் சிரிப்பார்கள். ஒருமுறை அப்படி ஒரு பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். கூப்பிட்ட பாவத்துக்கு அவளுக்கே மனசு சுட்டது. தன் மகளும் ஒருநாள் அப்படி எழுந்து வர வேண்டியிருக்கும் என்பதுதான் அவள் பயம்.

சாயங்காலம் அவன் வந்து கை கழுவுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"நாளைக்குப் பேர் குடுக்கணும். ஞாபகம் இருக்கா?"

"ம்."

"இந்த 'ம்'முக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. எந்தப் பேரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாக்காம நான் கூட்டத்துல கூப்பிட்டதில்ல. நீங்களும் சொல்லிப் பாருங்க. சமையலறைல நின்னு இவளக் கூப்பிடுங்க. எப்படி இருக்குன்னு ரெண்டு பேருமே கேப்போம்."

காதால் கேட்டால் அவனுக்கே ஒரு மாதிரி இருக்கும், தானாக இறங்கி வருவான் என்பது அவள் கணக்கு. அவன் மறுபேச்சில்லாமல் போனான். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை.

"கேக்கலையே!"

அப்போதும் ஒன்றும் வரவில்லை. கோபித்துக்கொண்டானோ என்று எழுந்து போனாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். வாய் திறந்திருந்தது. சத்தம்தான் வரவில்லை.

"வர மாட்டேங்குது" என்றான். "அவ போனதுலேருந்து ஒரு தடவகூட சொன்னதில்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்கா இருந்தவரை அவன் அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயரைச் சொல்லிக் கத்துவான். "மூத்தவன்னு ஒரு மரியாத இருக்காடா?" என்று அக்கா திட்டிக்கொண்டே வருவாள். ஒரு வருடமாகத்தான் அக்கா, அக்கா பேரு, அக்கா வீடு எல்லாம்.

அவள் ஜெயித்துவிட்டாள். கூப்பிட முடியாத பெயர் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், விஷயம் முடிந்தது. கேட்கவும் செய்தாள்.

"அப்புறம் எதுக்கு இந்தப் பேரு? காலம் பூரா பாப்பா பாப்பான்னே கூப்பிடவா?"

அவன் குழாயைத் திறந்து மூடினான். "அந்தப் பேரச் சொன்னா யாராவது திரும்பிப் பாக்கணும்" என்றான். "இப்ப யாரும் இல்ல."

அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? மூன்று வாரமாக ஊர் உலகத்தின் வாயில் எல்லாம் விழுந்து எழுந்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பயம் ஒரு பொட்டும் குறையவில்லை. அதோடுதான் அறைக்குள் போனாள், குழந்தையைக் குனிந்து பார்த்தாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

குழந்தை அசையவில்லை. மூன்று வாரத்துப் பிள்ளைக்குப் பெயராவது ஒன்றாவது.

சமையலறையிலிருந்து அவன் ஓடி வந்தான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கப் பார்த்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான்.

"நான் கூப்பிடுறேன்" என்றாள் அவள். "உங்களுக்கு வர்றப்ப வரட்டும்."

அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடு" என்றான்.