ஆறாம் மாடிக்கு வராதவர்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட்டில் ஏறப் பயம் வந்துவிட்டது. நடுவழியில் இரண்டு மணி நேரம் சிக்கிக்கொண்ட நாளிலிருந்து, கதவு மூடப்போனாலே வெளியே பாய்ந்துவிடுவார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ரகசியமாக மனநல ஆலோசகர் ஒருவரிடம் போகத் தொடங்கினார். அவருடைய அறை ஆறாம் மாடியில். படியேறித்தான் போனார்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் பொறுப்பில் இருந்ததுதான். இரண்டாம் வாரம் அது நின்றுபோக, தேய்ந்த உருளையை மாற்றினார். பழுது பார்த்தவரே ஒருமுறை உச்சிவரை போய் வந்த பிறகுதான் ‘பழுது’ என்ற பலகையைக் கழற்றலாம் என்பது தொழில் விதி. மெக்கானிக் விதியை மீறாதவர். லிஃப்ட்டில் ஏறவும் முடியாதவர். பலகை தொங்கியது.

“ஏழு வாரமாச்சுண்ணே,” என்றார் வாட்ச்மேன். “கழட்டுறதுக்கு நாள் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?”

“பார்ட்ஸ் வரணும்ப்பா.”

ஆலோசனைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோக, மேலே ஆலோசகர் சோர்ந்துபோயிருந்தார். உடம்புக்கு நல்லதென்று எப்போதும் படியேறி வருகிறவர்; லிஃப்ட் பக்கம் திரும்பியதே இல்லை. ஏன் நிற்கிறார்கள் என்று யோசித்துச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்: ஆழ்மன எதிர்ப்பு, நெருக்கத்தின் மீதான பயம். நின்றுபோனவர்களைப் போனில் கேட்டால், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, வேலை இருக்கிறது என்றார்கள்.

“பதினெட்டு பேர்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். இப்படியே போனா அடுத்த மாசம் ரூமைக் காலி பண்ணணும். ஏன் பாதியில விட்டுட்டுப் போறாங்கன்னே புரியல.”

“மேடம், அதுக்குக் காரணம் நான்தான்.”

“பாத்தீங்களா? எது நடந்தாலும் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க.”

“நெஜமாத்தான் மேடம். கீழ போர்டு மாட்டினது—”

“‘நான்’னு சொல்லாதீங்க. ‘என் மனசு அப்படி நினைக்குது’ன்னு சொல்லுங்க.”

“என் மனசு போர்டு மாட்டல மேடம். நான்தான் மாட்டினேன்.”

“இதுக்கே இன்னும் பத்து வாரம் வேணும்,” என்று ஆலோசகர் உற்சாகமாகக் குறித்துக்கொண்டார்.

மெக்கானிக் கீழே இறங்கினார். இந்த அம்மாவின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தன் மேலேயே வந்த கோபத்தில் லிஃப்ட்டுக்குள் நுழைந்து பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது. மூன்றாம் மாடிவரை கண்ணை மூடிக்கொண்டு அழுதார். அதன் பிறகு, பழக்கதோஷத்தில், மோட்டார் சத்தத்தைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். சத்தம் சுத்தமாக இருந்தது.

ஆறாம் மாடியில் கதவு திறந்தபோது ஆலோசகர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“இங்க லிஃப்ட் இருக்கா?”

“இருக்கு மேடம். எனக்கும் சரியாயிடுச்சு. இனிமே நான் வர வேண்டியதில்ல.”

ஆலோசகரின் முகம் வாடிவிட்டது.

“நீங்களுமா?” என்றார்.