இரண்டு நீல நோட்டுகள்

வெள்ளிக்கிழமை நோவி சாத் நகரக் கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா. பஸ்ஸில் இருக்கைகள் இரண்டிரண்டு. எங்கள் ஐந்தாம் வகுப்பில் என்னையும் சேர்த்து இருபத்தொரு பேர். எல்லோருக்கும் ஜோடி இருந்தது, எனக்குத்தான் இல்லை. ஜோடி இல்லாதவர் புவியியல் டீச்சர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் வழி நெடுக ஆறுகளின் பெயர் கேட்பார்.

நான் நெவெனா. வ்ரான்யேவிலிருந்து வடக்கே கிகிண்டா ஊருக்குக் குடிவந்த தெற்கத்திக்காரி. கிகிண்டாக்காரர்கள் ஒரு ‘ம்’ சொல்வதற்குள் நான் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவேன். முதல் நாள் நான் வாயைத் திறந்ததுமே முதல் பெஞ்சு இஸ்க்ரா, “மெதுவா சொல்லுடி, கேக்கற எனக்கே மூச்சு வாங்குது” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டு ஒரு நீல நோட்டில் டைரி எழுத ஆரம்பித்தேன்.

பக்கத்தின் தலையில் அன்றைய எரிச்சலைக் கேள்வியாக எழுதுவேன். கீழே படம். ஊர் நடுவே மரங்களில் உட்கார்ந்திருக்கும் ஆந்தைகளைப் போலவே இவர்களும் பேசாமல் முழிப்பதால், எல்லோரையும் ஆந்தையாகவே போட்டேன். இஸ்க்ராவின் பஸ் ஜோடியான ரெல்யா, தூங்கும் ஆந்தை. இஸ்க்ரா மட்டும் பல் முளைத்த பூசணிக்காய். அவள் மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

ஜோடி பிடிக்க ஒரே வழி லெக்ஸிகோன் என்று முடிவு செய்தேன். அது வகுப்பில் சுற்றும் கேள்வி நோட்டு. முதல் பக்கத்தில் எண் போட்டுப் பெயர் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள கேள்விக்கு அதே எண்ணைப் போட்டுப் பதில் எழுத வேண்டும். ஒரு பக்கம் விட்டாலும் அவன் கோழை. இன்னொரு நீல நோட்டில் பிடித்த நிறம், பிடித்த கேக் என்று முப்பது கேள்வி எழுதி, புதன்கிழமை காலை முதல் பெஞ்சில் வைத்தேன்.

சிற்றுண்டி நேரத்தில் டைரி எழுதலாம் என்று பையைத் திறந்தேன். ‘உனக்குப் பிடித்த நிறம் எது?’ என்றது நோட்டு. காலையில் நான் பெஞ்சில் வைத்தது டைரியை. அது அதற்குள் ரெல்யாவிடம் போயிருந்தது.

“நோட்டு மாறிப்போச்சுடா. குடுத்துடு.”

“இப்பதான் நாலாவது பக்கம்.”

“படிக்காதடா, ப்ளீஸ்.”

“பாதியில குடுத்தா கோழைம்பாங்க.” கையிலிருந்த, சீஸ் அடைத்த புரெக்கை ஒரு கடி கடித்து நிதானமாக மென்றான். “இந்தத் தூங்குமூஞ்சி ஆந்தை யாரு?”

நேராகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அன்று இரவு அம்மாவிடம், “திரும்பவும் வ்ரான்யேவுக்கே போயிடலாமா?” என்று கேட்டேன். “மொதல்ல சூப்பைக் குடி” என்றாள்.

வியாழன் மாலை இஸ்க்ரா என் மேசையில் டைரியைப் போட்டுவிட்டுப் போனாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திறந்தேன். முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே இருபது பெயர்கள். இரண்டாம் எண் இஸ்க்ரா, மூன்றாம் எண் ரெல்யா.

‘இவர்கள் கண் சிமிட்டவே ஏன் இவ்வளவு நேரம்?’ என்று நான் எழுதிய பக்கத்தில்:

‘3. என்ன அவசரம்?’

‘9. இப்பத்தான் சிமிட்டினேன். நீ பாக்கல.’

‘இஸ்க்ராவுக்கு ஏன் இவ்வளவு பெரிய வாய்?’ என்ற பக்கத்தில் பத்தொன்பது பேர் அது உண்மைதான் என்று எழுதியிருந்தார்கள். இஸ்க்ரா பூசணிக்காய்க்குக் கம்மல் வரைந்து, ‘2. பல்லு ஒண்ணு கம்மி. எண்ணிப் பாரு’ என்று எழுதியிருந்தாள்.

கடைசிப் பக்கம் வந்தது. அதில் ஒரு பஸ் வரைந்திருந்தேன். ஜன்னல் ஓரத்தில் நான், பக்கத்தில் காலி இருக்கை. ‘வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் யார்?’ என்று தலைப்பு. ஒரு பக்கமும் விடாத அந்த இருபது பேரில் பத்தொன்பது பேர் ‘தெரியாது’ என்று எழுதியிருந்தார்கள். நோட்டை மூடப் போனேன், அப்போதுதான் படத்தைக் கவனித்தேன்.

இஸ்க்ரா மட்டும் என்னை அழித்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் ஒரு பூசணிக்காயை உட்கார வைத்திருந்தாள். காலி இருக்கையில் என்னைப் போட்டிருந்தாள், ஆந்தையாக.

‘2. நான்தான். ஆனா பூசணிக்கா ஜன்னல் ஓரம்தான் உக்காரும்.’

மறுநாள் ரெல்யா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது ஆற்றிலேயே தூங்கிப்போனான். ஜன்னல் ஓரம் இல்லாவிட்டால் எனக்கு வாந்தி வரும். அதை நான் இஸ்க்ராவிடம் சொல்லவே இல்லை. மடியில் ஒரு பையை விரித்து வைத்துக்கொண்டு, நோவி சாத் வரை மிக மெதுவாகப் பேசிக்கொண்டே போனேன்.