களைக்கொல்லியும் என் மீசையும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் வைரம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். விளையாட்டு மைதானத்தின் ஓரங்களில் களைக்கொல்லி அடிப்பது பதினொரு வருடமாக அவர் வேலை. மருந்தைக் கலந்து டாங்கில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. நான் கையுறை மாட்டினால், "டாக்டர் ஆபரேஷனுக்குக் கிளம்பிட்டார்" என்பார். அவர் கையில் கையுறையும் கிடையாது, முகத்தில் முகமூடியும் கிடையாது.

அக்காவின் கவலை வேறு. ஏழு மாதக் குழந்தை வீட்டில் இருக்கிறது. மனுஷன் வந்ததும் வராததுமாக, போட்ட சட்டையோடு அதைத் தூக்கிக்கொள்வார். அவளும் போனில் தேடித் தேடிப் படித்துவிட்டாள். வருடக்கணக்காக மருந்தடிப்பவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று சில ஆய்வுகள். அப்படியெல்லாம் இல்லை என்று வேறு சில. டப்பாவில் எழுதியபடி பயன்படுத்தினால் பயமில்லை என்கிறது அரசாங்கம்.

"படிச்சவங்களே அடிச்சுக்கிறாங்க. முதல்ல அவங்க ஒரு முடிவுக்கு வரட்டும்" என்பார் மச்சான்.

"டப்பாவுல எழுதினபடின்னா கையுறை போடணும், வந்ததும் குளிக்கணும். அதைப் படிச்சீங்களா?" என்பாள் அக்கா.

"என் மேல ஒரு சொட்டுப் படாது. அதுதான் தொழில்."

எனக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. எங்கே அடித்தோம் என்று தெரிய மருந்தில் நீலச் சாயம் கலப்பது வழக்கம். மச்சானுக்கு அது கௌரவக் குறைச்சல், கத்துக்குட்டிகள் சமாசாரம். நான் பந்தயம் கட்டினேன். ஒரு நாள் சாயத்தோடு அடிக்க வேண்டும். மேலே ஒரு சொட்டு நீலம் இருந்தால் இனி கையுறை, குளியல் எல்லாம். இல்லாவிட்டால் என் மீசையை அவரே வழிக்கலாம். என் மீசை மேல் அவருக்கு வெகுநாள் கண்.

டாங்கில் நான் மருந்தே ஊற்றவில்லை. தண்ணீரும், அக்கா கேக்குக்கு வாங்கி வைத்திருந்த நீலச் சாயமும்தான். களை சாக ஒரு வாரம் ஆகும், அதுவரை யாருக்குத் தெரியப்போகிறது? திட்டம் அக்காவுடையது. திருட்டுமுழி மட்டும் என்னுடையது.

சாயந்திரம் மச்சான் கையை விரித்துக் காட்டினார். சுத்தம். குழாயடியில் கழுவிவிட்டு வந்திருந்தார், கள்ளன். கரும்பச்சைச் சட்டையில் நீலம் எங்கே தெரியும்? வழியெல்லாம் என் மீசையைப் பற்றியே பேசிக்கொண்டு, கடையில் பிளேடு வேறு வாங்கினார்.

வீட்டில் குழந்தை கையை நீட்டியது. தூக்கினார். அது வழக்கம்போல அவர் காலரை வாயில் வைத்துச் சப்பியது. பிளேடைப் பிரிக்கிற சந்தோஷத்தில் அவர் கவனிக்கவில்லை. அக்கா குழந்தையின் முகத்தை அவர் பக்கம் மெல்லத் திருப்பினாள்.

உதடு, ஈறு, நாக்கு எல்லாம் நீலம்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. பிளேடு கீழே விழுந்தது. "தண்ணி, தண்ணி கொண்டா. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடி மாப்ளே" என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடினார். குழந்தையின் நாக்கை வேட்டியால் துடைத்தார், அது கடித்தது. அவர் பட்ட பாட்டைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று.

"மச்சான், மருந்து இல்ல. வெறும் தண்ணியும் கேக் சாயமும்தான்" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்னை அடிக்க ஒரு கையை ஓங்கி, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "படுபாவிங்களா. உசிரே போயிடுச்சு. வெறும் தண்ணியா?"

"இன்னிக்குத் தண்ணி" என்றாள் அக்கா.

சிரிப்பு நின்றது. மச்சான் குழந்தையை அவளிடம் நீட்டிவிட்டு, வாசலுக்குப் போய்ச் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.