நாற்பது நொடி

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், ஜெம்பேயை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தங்கை கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு, ஒரு தட்டு. தோல் இன்னும் மந்தமாகத்தான் பேசியது. அந்த ஆப்பிரிக்க முரசை அடித்தடித்து அவள் உள்ளங்கை காய்த்துப்போய்ப் பதினெட்டு வருஷமாகிறது.

கழுத்தில் சாக்ஸபோன் தொங்க, கையில் பத்திரிகையோடு அண்ணன் வந்தான்.

"கேளேன். 'நடுவில் எல்லாம் சட்டென்று அடங்கும் அந்த நாற்பது நொடிதான் இந்த ஆல்பத்தின் உயிர். சாக்ஸபோன் கலைஞரின் துணிச்சலான கற்பனை.' எப்படி?"

"யாரோட கற்பனை?"

"எழுதறவன் எழுதறான். அதுக்கு நான் என்ன பண்ண?"

"பேட்டியில சொன்னது யாரு? மூணு மாசம் யோசிச்சு வச்ச இடம்னு?"

அவன் சாக்ஸபோன் முனையிலிருந்த நாணல் பட்டையை நாக்கால் ஈரப்படுத்தினான்.

யோசித்து வைத்த இடமாம்! அவர்கள் வாசிப்பது ஃப்ரீ ஜாஸ். எழுதி வைத்த மெட்டும் கிடையாது, எண்ணி வைத்த தாளமும் கிடையாது. ஒருவர் கேட்டால் மற்றவர் அந்தக் கணமே பதில் சொல்லவேண்டும். அன்றைக்குப் பதிவறையில் அவள் சொன்ன பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் பார்க்க, "அடக்கி வாசிடி, எருமை. இது என் பாட்டு" என்றான். அவள் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஏறிய சூடு இறங்க நாற்பது நொடி ஆயிற்று. பிறகு அடித்தாள் பாருங்கள், தோல் கிழியாமல் தப்பியது அதன் ஆயுசு கெட்டி. ஒலிப்பதிவுக்காரர் அவன் பேச்சை வெட்டி எறிந்தார். அவள் அவமானத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கும் அதே இடத்துல நிறுத்திடு. நான் உச்ச ஸ்வரத்துக்குப் போய் இறங்கித் தலையை ஆட்டுவேன். கையை மடியில வச்சுக்கிட்டு நாற்பது எண்ணு. ஜனங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"அப்ப முதல்ல திட்டணுமே. மேடையில வச்சுத் திட்டுவியா?"

"இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறியா? அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"இருக்கும். ஆல்பம் அட்டையில உன் பேரு ஒண்ணுதானே இருக்கு."

மணி அடித்தது.

அரங்கு நிறைந்திருந்தது. எவ்வளவு கோபமிருந்தாலும் பொய் சொல்லக்கூடாது, அவன் வாசிப்பு தீயாக இருந்தது. ஏறியது, அலறியது, தொண்டை கரகரத்து இறங்கியது. தலையை ஆட்டினான். முன்வரிசைக்காரர் ஒருவர், வரப்போகும் மௌனத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கையின் கை மடிக்குப் போகவில்லை.

மறுபடி ஆட்டினான். அவள் அடித்தாள். சாக்ஸபோனை வாயிலிருந்து விட்டான்; அவன் உதடு அசைந்தது. என்ன வார்த்தை என்று அவளுக்கா தெரியாது? எதிரே மைக் இருந்ததால் சத்தம் மட்டும் வரவில்லை. அவள் எண்ணிக்கொண்டே அடித்தாள். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

முன்வரிசைக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். அண்ணனின் கழுத்தில் தொங்கிய சாக்ஸபோன் ஒவ்வோர் அடிக்கும் அவன் சட்டைப் பொத்தானில் பட்டு அதிர்ந்துகொண்டிருந்தது, அகன்ற வாயை அவள் பக்கம் திறந்தபடி.