ஆறாம் தடவைக்குப் பின்

தட்டில் வைத்ததைத் தம்பி மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். அதைப் பார்த்துத்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டு வருடமாக, அவள் முதலில் ஒரு வாய் தின்று காட்டினால்தான் அவன் கை வைப்பான். விஷம் கலக்கிறாளாம், சுவருக்குள்ளிருந்து ஒரு ஆள் சொல்கிறானாம். லேத் பட்டறையில் நூலிழை பிசகாமல் இரும்பு கடைந்தவன், வேலையை விட்டு, ஜன்னலுக்கெல்லாம் காகிதம் ஒட்டி உட்கார்ந்துவிட்டான். மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் அந்த ஆள் வாயை மூடவில்லை.

தலையில் கரண்ட் வைக்கும் சிகிச்சையைப் பற்றிச் சொன்னது மனநல ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் வலி தெரியாது, மாத்திரை மட்டும் போதாதவர்களில் பலருக்கு இதையும் சேர்த்தால் பலன் கிடைக்கிறது, எல்லாருக்கும் என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் மறதி வரலாம் என்றார். அவர் எதையும் மறைக்காமல் பேசியதே அக்காவுக்கு உறுத்தியது. இத்தனை பதவிசாகப் பேசுகிறவர் எதையாவது ஒளிக்காமலா இருப்பார்? தம்பிதான் முதலில் கையெழுத்துப் போட்டான். அவன் பெயருக்குக் கீழே அவளும் போட்டாள்.

ஆறு தடவை ஆனது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் காகிதத்தை அவனே கிழித்தான். தானாகப் பல் தேய்த்தான். அக்காவோ, அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தலையணை உறையை உதறி, துப்பிய மாத்திரை கிடக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் விழவில்லை. அதற்காக மனசு ஆறிவிடுமா? மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து நடிக்கிறானோ?

கேட்டே விட்டாள். "அந்த ஆளு இன்னும் பேசறானா?"

"பேசறான். பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. நான் போய் நிக்கிறதில்ல."

சொல்லிவிட்டு அவள் கையைப் பார்த்தான். "மணிக்கட்டுல என்னக்கா காயம்?"

நான்கு தையல். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முதல் நாள் அவன் வீசிய தட்டு கிழித்தது. அவன் முகத்தை ஒரு மூலை விடாமல் கண்ணால் துழாவினாள். நிஜமாகவே மறந்துவிட்டானா, ஆழம் பார்க்கிறானா? சொன்னால் இடிந்துபோவான். கதவு இடித்தது என்று சொல்லி, அந்தப் பொய் பிடிபட்டால், அப்புறம் ஜென்மத்துக்கும் அவளை நம்பமாட்டான்.

"நீ வீசின தட்டுடா," என்றாள்.

அவன் குனிந்து காயத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்கு ஞாபகம் இல்ல. நீ சொல்றதத்தான் நம்பணும்."

அவள் கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, தழும்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனான். உதடுகள் அசைந்தன. தையலை எண்ணுகிறானா, யாருக்காவது பதில் சொல்கிறானா? அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை அவன் வாயருகே கொண்டு போனாள்.