தாணம்மாள் கொல்லைப் புதினா

கோட்டாற்றில் தாணம்மாளின் புதினாவுக்குப் பெரிய பேர். கிணற்றடி ஈரத்தில் அது பாட்டுக்குப் படர்ந்து கிடக்கும். இறைச்சிச் சோறு ஆக்குகிற வீட்டுக்காரர்கள் கட்டுக் கட்டாக வாங்கிப் போவார்கள். மசக்கைக்காரிக்குத் துவையல், பல்வலிக்கு மெல்ல நாலு இலை, வயிறு பொருமினால் கஷாயம். வாந்திக்குக் கேட்கவே வேண்டாம், கைகண்ட மருந்து. "எனக்க கொல்லையில ஒரு பிடி இலை இருக்கது வரைக்கும் இந்தத் தெருவுல எவனும் வாந்தியெடுத்துச் சாவமாட்டான்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். மனுஷர் இப்படியெல்லாம் வாய்விடலாமா? விட்டுவிட்டாள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்று, ஐப்பசி மாசம். மழை விட்ட கையோடு வாந்திபேதி வந்தது. ஊரில் அதற்கு நீர்க்கொம்பன் என்று பேர். அது கண்ட ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, உள்ளே போகிற தண்ணீர்தான் பேதியாக வெளியே போகிறது என்று சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒரே பேச்சு. எவன் சொல்லி வைத்தானோ, அவன் வாயில் மண் விழ! நாக்கு வறண்டால் புதினாவைக் கசக்கி வாயில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாணம்மாளின் ஒரே மகள் பகவதிக்கு ஏழு வயசு. விடிந்ததும் வாந்தியெடுத்தாள். அப்பன் தங்கப்பன் வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு கருங்கல் சந்தைக்குப் போயிருந்தான். பத்து நாழிகைக்குள் பிள்ளைக்குக் கண் குழிந்துவிட்டது.

"அம்மா, வெள்ளம் தா."

"இப்பம் வெள்ளம் குடிக்கப்பிடாது மக்கா. இந்த இலையச் சவை, தாகம் போவும்."

"இலை வேண்டாம், காந்துது. வெள்ளம் தா."

எழுந்திருக்கத் தெம்பில்லாத பிள்ளை, தண்ணீர்ப் பானையைப் பார்த்துத் தரையோடு தரையாக நகர்ந்தது. தாணம்மாள் பானையைத் தூக்கி வெளியே கொண்டு வைத்தாள். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும், ஐயோ! பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் செய்தாள். உச்சி சாய்வதற்குள் பகவதி அடங்கிப்போனாள்.

மறுநாள் தங்கப்பன் வந்தபோது மகளைப் புதைத்தாகிவிட்டது. அவளுக்கென்று வாங்கிய பெப்பர்மிண்ட் மிட்டாய் அவன் மடியில் இருந்தது. வண்டிச் சக்கரத்தில் தலையை முட்டி முட்டி அழுதான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"பிள்ள ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

"இல்ல. ஒண்ணும் கேக்கல. உறங்கின மாதிரி போய்ட்டா."

அவன் முகத்தைப் பார்த்து, மனசு தாங்காமல் சொன்ன பொய் அது. அதைக் கேட்ட பிறகுதான் அவன் ஒரு வாய் கஞ்சி குடித்தான்.

பதினாறு கழிந்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி புதினா வாங்க வந்தாள். இவள் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது. "எங்ககிட்ட வந்த முக்காவாசிப் பேரும் பிழைச்சாச்சு. உப்புப் போட்ட தண்ணியை விடாமக் குடுக்கோம். நீங்கதான் தண்ணி குடுக்காமலே ஆளைக் கொன்னுபோடுதீங்க" என்று சொல்லிவிட்டு இலையை வாங்கிக்கொண்டு போனாள். தாணம்மாள் யாரிடம் போய் அழுவாள்? புருஷனிடம் சொன்னால் அவன் உடைந்துபோவான். அப்புறம் இவள் முகத்தில் அவன் முழிப்பானா? வாயை மூடிக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒரு காலை, அடுத்த வீட்டு ஜெபமணி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "தாணம்மக்கா, எனக்க கிரேசி வாந்தியெடுக்கா. ஒரு பிடி இலை தா!"

கிரேசி பகவதியோடு கூடி விளையாடின பிள்ளை. தங்கப்பன் முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். இலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தாணம்மாள் காய்ச்சி ஆறின தண்ணீர்ப் பானையில் உப்பைப் போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜெபமணி வாசலில் கையை விரித்து மறித்தாள்.

"வெள்ளமா? உனக்குக் கிறுக்கா அக்கா? உனக்க பிள்ள செத்தா எனக்க பிள்ளையும் சாவணுமா?"

"எனக்க பிள்ளைக்கு நான் வெள்ளம் குடுக்கல, ஜெபமணி! வெள்ளம் வெள்ளம்னு கேட்டா. பானையத் தூக்கி வெளிய வச்சேன். அதான் செத்துப்போனா. வழிய விடுட்டி!"

பின்னாலேயே வந்த தங்கப்பனுக்கு அத்தனையும் கேட்டது.

ஜெபமணி கையை இறக்கினாள். தாணம்மாள் கிரேசியை மடியில் போட்டுக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கக்கினாள் பிள்ளை, மறுபடியும் ஊட்டினாள். வெயில் தாழ்ந்தபோது கிரேசி கண் திறந்து, மூத்திரம் போனாள். இனிப் பயமில்லை.

தாணம்மாள் வெளியே வந்தாள். காலையில் நின்ற இடத்திலேயே தங்கப்பன் உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை தடவ கேட்டா?"

"சாவது வரைக்கும் கேட்டா."

அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

"உறங்கின மாதிரி போனாண்ணு நீ சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுல்லா ஏட்டி இவ்வளவு நாளும் கிடந்தேன்" என்றான். "இனி நான் எதைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பேன்?"