கம்பளி சுற்றிய சுத்தியல்

பாறையைக் குடைந்தும், குடைய முடியாத இடத்தில் பலகையைத் தொங்கவிட்டும் கொண்டுவந்த வாய்க்கால் அது. வலே பள்ளத்தாக்கில் மழை குறைவு. மலைப்பனி உருகி இந்த வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர்தான் ஊரின் புல்லும் திராட்சையும். அதைக் காப்பது தியோதுலின் வேலை.

அவனுக்குத் துணை ஒரு மரச் சுத்தியல். அவன் குடிசையை ஒட்டி, வாய்க்காலுக்குள் சிறு சக்கரம் ஒன்று இருந்தது. ஓடும் தண்ணீர் அதைச் சுழற்றும். அச்சில் செருகிய முளை சுத்தியலின் வாலை அழுத்தித் தலையைத் தூக்கும். முளை விலகியதும் தலை பலகைமேல் விழும். டொக். ஒரு சுற்றுக்கு ஒரு டொக். சத்தம் தளர்ந்தால் தண்ணீர் குறைகிறது. நின்றுவிட்டால் மேலே எங்கோ கரை உடைந்துவிட்டது. காவலன் ஓடிப்போய்த் தலைமதகை அடைக்க வேண்டும். பகலிரவு அந்தச் சத்தம் இருந்தால் ஊர் நிம்மதியாக இருக்கும்.

அந்த ஜூலையில் அவன் மனைவி பெலாஜிக்கு மூளைக் காய்ச்சல். பதினோரு நாள் கண் மூடவில்லை. ஒவ்வொரு டொக்குக்கும் அவள் இமை துடித்தது.

"ஏங்க, அது கொஞ்ச நேரம் சும்மா இருக்காதா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

தியோதுல் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றிச் சுத்தியலின் தலையில் சுற்றிக் கட்டினான். 'ஒரு மணி நேரம், சக்கரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தான். பெலாஜி உறங்கினாள். அவள் கையைப் பிடித்தபடி அவனும் உறங்கிவிட்டான்.

விழித்தபோது சக்கரம் அசையாமல் நின்றது. காலுறையை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு மதகுக்கு ஓடினான். அதற்குள் உடைப்பில் பாய்ந்த தண்ணீர் கீழே ஜெர்மேனின் திராட்சைத் தோட்டத்தில் சரிவை வெட்டிக் கட்டிய மேல்படிகள் ஆறையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. ஜெர்மேன் பெலாஜியின் அண்ணன். அந்த மண் மூன்று தலைமுறை முதுகுக்கூடையில் சுமந்து நிரப்பியது.

மற்றவர்களெல்லாம் எதிர்ச்சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாலை ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது தியோதுல், "சத்தம் நின்ன உடனே ஓடினேன்" என்றான்.

ஜெர்மேன் மெல்ல எழுந்தான். "நான் கீழேயேதான் இருந்தேன். காலையிலேர்ந்து எனக்கு ஒரு டொக் கூட கேக்கல. தோட்டத்துக்குத் தண்ணி வந்துட்டே இருந்துச்சு, அதனால ஏறிப் பாக்கல. மாப்ள அடிச்சுதுங்கறாரு. அப்ப என் காது போயிடுச்சு. ஒழுங்கா கேட்டிருந்தா, நின்னதும் நானே மண்வெட்டியோட ஏறியிருப்பேன்."

"செவிட்டுப் பயலே, அதான் போன ஞாயித்துக்கிழம கோயில் பாட்டுல அப்படிக் கத்துனியா?" என்று யாரோ சிரித்தார்கள்.

தியோதுல் வாயைத் திறந்தான். சொன்னால் பழி குடிசையில் கிடப்பவள்மேலும் விழும் என்று தோன்றியது. மூடிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு ஜெர்மேன் கோயில் பாடகர் வரிசையில் நிற்கவில்லை. இருபது வருடம் முதல் குரல் அவனுடையது. பாதிரியார் கூப்பிட்டதற்கு, "காது கேக்காதவன் பாடினா சுதி எங்க சாமி நிக்கும்?" என்றான். இலையுதிர் காலத்தில் பெலாஜி இறந்தாள். தங்கையின் அடக்கப் பூசையிலும் அவன் பாடவில்லை.

மூன்று மார்ச் மாதங்கள் தியோதுல் ஜெர்மேனோடு சேர்ந்து கூடையில் மண் சுமந்து அந்தப் படிகளில் கொட்டினான். "உன்ன மாதிரி ஆள் கிடைக்காது மாப்ள" என்று ஜெர்மேன் சொல்லும்போதெல்லாம் கூடையின் வார் தோளை அறுத்தது.

மூன்றாம் வருடம் குளிர்காலம் முடிந்து வாய்க்காலில் மறுபடி தண்ணீர் விட்ட அன்று ஜெர்மேன் குடிசைக்கு ஏறி வந்தான். சுத்தியலுக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தான்.

"இப்ப கேக்குது பாரு. தோட்டத்துலேர்ந்தும் கேக்குது. அன்னிக்கு மட்டும் ஏன்டா கேக்காம போச்சு?"

"அன்னிக்கு அடிக்கல மச்சான்."

ஜெர்மேன் நிமிர்ந்தான்.

"அவ தூங்கட்டும்னு காலுறைய சுத்தினேன். நானும் தூங்கிட்டேன். உன் காதுக்கு ஒண்ணுமில்ல."

சுத்தியல் நாலைந்து முறை விழுந்தது.

"தூங்கினாளா?"

"தூங்கினா. மத்தியானம் வரைக்கும்."

"கீழே ஒரு குரல் கொடுத்திருக்கலாமேடா. சக்கரத்துப் பக்கத்துல நான் வந்து உக்காந்திருப்பேனே. அவ என் தங்கச்சிடா. அவளுக்கு ஒரு பாட்டு பாடி அனுப்பியிருப்பேன்."

தியோதுல் குடிசையில் வைத்திருந்த மண் கூடைகள் இரண்டையும், தன்னுடையதையும் ஜெர்மேனுடையதையும், எடுத்து வந்தான். ஜெர்மேன் தன்னுடையதை மட்டும் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். அவன் கண்ணுக்கு மறைந்த பிறகும் தியோதுல் அங்கேயே நின்றான். பின்னால் சுத்தியல், ஒரு சுற்றுக்கு ஒன்றாக, அடித்துக்கொண்டே இருந்தது.